கோப்பில் ‘ஹை ரிஸ்க்’ என்று எழுதியிருந்தால்: குழந்தை இரத்தப் புற்றுநோயில் முன்கணிப்பு என்றால் என்ன?

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு தாய், கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து இறங்கி, தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் விடியப்புறமே என் படலையைத் தட்டினார். 11 வயது மகனுக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து அப்போது இரண்டு கிழமை. மகனுக்குப் பக்கத்தில் தன் அம்மாவை இருத்திவிட்டு, இங்கே விட்டுப்போன சின்னவளைப் பார்த்துக்கொண்டு போக ஒரே ஒரு நாள் வந்தவர். கையில் கோப்பின் பிரதி. பக்கம் பக்கமாக ஆங்கிலம். அதில் அவர் வாசித்து விளங்கிக்கொண்டது இரண்டே சொல்: ஹை ரிஸ்க்.

“ரீச்சர், ஹை ரிஸ்க் எண்டால் பிள்ளை தப்பாதோ?”

நான் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிப்பவள், வைத்தியர் இல்லை. ஆனாலும் “அப்படி இல்லையம்மா” என்று உடனே சொல்ல முடிந்தது. ஏன் அப்படி இல்லை என்று சொல்லத்தான் அன்று காலை முழுக்கத் தேவைப்பட்டது. அன்று சொன்னதையும் அப்புறம் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். திருகோணமலை, மூதூர், கிண்ணியா என்று எங்கள் பக்கத்திலிருந்து இதே மாதிரிக் கோப்போடு மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்வரும் குடும்பங்கள் இருக்கின்றன, அவர்களிடம் இதைத் தமிழில் யாராவது சொல்ல வேண்டும்.

முதலில் நோய். இரத்தப் புற்றுநோய் என்று சொன்னாலும் அது தொடங்கும் இடம் எலும்பு மச்சை, குருதிக் கலங்கள் பிறக்கும் இடம். அங்கே ஒரு வெண்குருதிக் கலம் முதிராமலே நின்று, பெருகிக்கொண்டே போகிறது. இடம் அடைபட்டு நல்ல கலங்கள் உருவாக முடியாமல் போகும்போதுதான் பிள்ளை வெளிறிப்போவது, அடிக்கடி காய்ச்சல் வருவது, பட்ட இடமெல்லாம் கன்றிப்போவது எல்லாம் வருகின்றன. பிள்ளைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயில் நாலில் மூன்று பங்கு ஒரே வகை. அதை ஆங்கிலச் சுருக்கத்தில் ஏ.எல்.எல். என்பார்கள், 2 முதல் 5 வயதுக்குள் அதிகம் வருவது. கீழே நான் சொல்வதெல்லாம் அந்த வகையைப் பற்றித்தான், மற்ற வகைகளுக்குக் கணக்கு வேறு.

1948இல் பொஸ்டனில் சிட்னி ஃபாபர் என்ற வைத்தியர் அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்து, சில பிள்ளைகளில் இந்த நோய் தற்காலிகமாகப் பின்வாங்குவதைக் காட்டினார். அதற்கு முன் இதற்கு மருந்தே இல்லை. 1962இல் மெம்பிஸ் நகரில் திறந்த சென்ட் ஜூட் வைத்தியசாலையில் டொனால்ட் பிங்கெல் தலைமையில் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினார்கள், அந்தப் பத்தாண்டின் முடிவுக்குள் பாதிப் பிள்ளைகளைக் காப்பாற்றலாம் என்ற நிலை வந்தது. இன்று வசதியான நாடுகளில் 10 பிள்ளைகளில் ஏறக்குறைய 9 பேர் தப்புகிறார்கள். இதில் பெரும்பாலான மருந்துகள் பழையவை. பல வருடங்களாகக் கையில் இருந்த மருந்துகளை எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு, எந்த வரிசையில் கொடுப்பது என்று கற்றுக்கொண்டதில்தான் முன்னேற்றத்தின் பெரும் பங்கு இருக்கிறது. அந்த ‘எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு’ என்ற கேள்விக்கான பதில்தான் முன்கணிப்பு.

இதை விளங்கிக்கொள்ள எங்கள் கடலையே எடுத்துக்கொள்ளலாம். வாடைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும் என்று அறிவிப்பு வந்தால், கொட்டியாரக் குடாப் பக்கம் வள்ளங்களை இழுத்து மேலே ஏற்றி, இன்னொரு கயிறு போட்டுக் கட்டுவார்கள். அடுத்த நாள் வள்ளம் அப்படியே இருந்தால் “அறிவிப்புப் பிழை” என்று யாரும் சொல்வதில்லை. கட்டியதால் இருந்தது. ஹை ரிஸ்க் என்ற சொல்லும் அந்த மாதிரி அறிவிப்புத்தான்: சாதாரண அளவு மருந்து கொடுத்தால் இந்தப் பிள்ளைக்கு நோய் மீண்டும் வரும் வாய்ப்புக் கூட, ஆகவே இன்னொரு கயிறு போடுங்கள் என்று வைத்தியர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் குறிப்பு. பிள்ளைக்கு என்ன நடக்கப் போகிறது என்று எழுதிய தீர்ப்பு என்று அதை வாசிக்கக் கூடாது.

அந்தத் தாய் இதற்கிடையில் சாத்திரமும் பார்த்துவிட்டு வந்திருந்தார், அதை நான் குறைசொல்ல மாட்டேன், பிள்ளைக்கு என்றால் எவரும் எந்தக் கதவையும் தட்டுவார்கள். ஆனால் ஒரு வித்தியாசத்தை மட்டும் சொன்னேன். சாதகம் பிறந்த நேரத்தோடு எழுதி முடிந்துவிடும். இந்தக் கணிப்பை ஒவ்வொரு பரிசோதனைக்குப் பிறகும் திருத்தி எழுதுவார்கள்.

சரி, எதை வைத்துக் கணிக்கிறார்கள்? மிகப் பழைய இரண்டு அளவுகோல்கள் வயதும், நோய் தெரிந்த அன்று குருதியில் இருந்த வெண்குருதிக் கலங்களின் எண்ணிக்கையும். 1 வயதுக்கு மேல் 10 வயதுக்குக் கீழ், ஒரு மைக்ரோலீற்றர் குருதியில் 50,000க்குக் குறைவான வெண்குருதிக் கலங்கள் என்றால் ‘ஸ்டாண்டர்ட் ரிஸ்க்’. 10 வயதோ அதற்கு மேலோ, அல்லது 50,000 அல்லது அதற்கு மேல் என்றால் ‘ஹை ரிஸ்க்’. இவ்வளவு எளிதான கோடுதான் உலகின் பல இடங்களில் இன்றைக்கும் முதல் நாள் போடும் கோடு. எங்கள் ஒழுங்கைப் பையனின் எண்ணிக்கை 38,000. மூளையைச் சுற்றியுள்ள திரவத்திலும் நோய் இல்லை. ஆக அவன் ஹை ரிஸ்க் ஆனது 11 வயது என்ற ஒரே காரணத்தால். இதைச் சொன்னபோது அந்தத் தாய் என்னை நம்பாமல் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். “வயசாலயோ? வேற ஒண்டும் இல்லையோ?” என்று மூன்று தரம் கேட்டார்.

வயதுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்றால், வயது ஒரு சாட்டுத்தான், உள்ளே இருக்கும் உண்மையான காரணம் புற்றுநோய்க் கலத்தின் நிறமூர்த்தங்களில், அதாவது குரோமோசோம்களில் இருக்கிறது. 2, 3 வயதுப் பிள்ளைகளின் நோயில் மருந்துக்கு எளிதாகப் பணியும் மாற்றங்கள் அதிகம். வளர்ந்த பிள்ளைகளில் அவை குறைவு. ஒரு வயதுகூட நிரம்பாத கைக்குழந்தைகளில் கே.எம்.டி.2ஏ என்ற மரபணு உடைந்து வேறொன்றோடு ஒட்டிக்கொள்ளும் மாற்றம் அடிக்கடி காணப்படும், அதுதான் அவர்களுக்குச் சிகிச்சை கடினமாவதற்குக் காரணம்.

இந்த நிறமூர்த்தப் பரிசோதனையின் முடிவு வரச் சில நாள் எடுக்கும், வந்ததும் கணிப்பு மாறலாம். 12ஆம், 21ஆம் நிறமூர்த்தங்கள் துண்டு மாற்றிக்கொண்டிருந்தால் நல்ல செய்தி. வழக்கமான 46க்குப் பதிலாக 50க்கு மேல் நிறமூர்த்தங்கள் இருந்தாலும் நல்ல செய்திதான். கூடுதலாக இருந்தால் மோசம் என்றுதான் யாரும் நினைப்போம், ஆனால் அந்தக் கலங்கள் மெதோட்ரெக்சேட் என்ற மருந்தைத் தங்களுக்குள் அதிகம் சேர்த்துவைத்துக்கொண்டு அதனாலேயே சாகின்றன. 44க்குக் குறைந்தால்தான் கவலை.

பிலடெல்பியா நிறமூர்த்தம் என்று ஒன்று இருக்கிறது. 9ஆம், 22ஆம் நிறமூர்த்தங்கள் துண்டு மாற்றியதால் வருவது, 1960இல் அந்த நகரத்தில் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். ஏ.எல்.எல். வந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 3 முதல் 5 பேருக்கு இது இருக்கும். முன்பெல்லாம் கோப்பில் இந்தப் பெயர் வந்தால் வைத்தியர்களின் முகமே மாறிவிடும், அவ்வளவு மோசமான அறிகுறி. அப்புறம் அந்த ஒட்டுப்போட்ட நிறமூர்த்தம் உருவாக்கும் புரதத்தையே குறிவைத்து அடைக்கும் இமாட்டினிப் என்ற மாத்திரை வந்தது. அதை வழக்கமான மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2009இல் வெளிவந்தது: 3 வருடம் நோய் திரும்பாமல் இருந்த பிள்ளைகள் முன்பு 35 சதவீதம், புதிய முறையில் 80 சதவீதம். நிறமூர்த்தம் அதேதான், நோயும் அதேதான். மருந்து மாறியது, கணிப்பும் மாறிவிட்டது. ஒரு அறிகுறி கெட்டதா நல்லதா என்பது அது தனியாக நின்று சொல்லும் விஷயம் இல்லை, கையில் என்ன மருந்து இருக்கிறது என்பதோடு சேர்த்துத்தான் அதற்குப் பொருள். இணையத்தில் பத்து, பதினைந்து வருடத்துக்கு முன் எழுதியதை வாசித்துவிட்டு இரவெல்லாம் அழும் பெற்றோருக்கு இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய சாட்சி ஒன்று உண்டு. அது பிள்ளை மருந்துக்கு எப்படிப் பதில் சொல்கிறது என்பது.

நோய் தெரியும் நாளில் ஒரு பிள்ளையின் உடம்பில் ஏறக்குறைய ஒரு இலட்சம் கோடி புற்றுநோய்க் கலங்கள் இருக்கலாம். முதல் மாதச் சிகிச்சையில் வின்கிறிஸ்டின், ஸ்டீரொயிட், அஸ்பாரஜினேஸ் என்று 3 மருந்து, ஹை ரிஸ்க் பிள்ளைகளுக்குப் பல திட்டங்களில் 4ஆவதாக இன்னொன்று. மாத முடிவில் மச்சையை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால், 100 கலங்களில் முதிராதவை 5க்குக் குறைவு என்றால் ‘ரிமிஷன்’ என்பார்கள், நோய் அடங்கிவிட்டது என்று பொருள். பெரும்பாலான பிள்ளைகள் இந்தப் படியைத் தாண்டிவிடுவார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள்: நுணுக்குக்காட்டிக்குச் சுத்தமாகத் தெரியும் ஒரு பிள்ளையின் உடம்பில் இன்னும் ஆயிரம் கோடி கலங்கள் ஒளிந்திருக்கலாம். இன்னொரு பிள்ளைக்கு அநேகமாக எதுவும் மிஞ்சியிருக்காது. நுணுக்குக்காட்டிக்கு இரண்டு பேரும் ஒன்றுதான், மீண்டும் நோய் வரும் வாய்ப்பிலோ இரண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம்.

அந்த மிச்சத்தை அளப்பதுதான் எம்.ஆர்.டி. என்ற பரிசோதனை. மிச்ச நோய் என்று தமிழில் சொல்லலாம். கலங்களின் மேற்பரப்பில் உள்ள புரதங்களில் ஒளிரும் குறிகளை ஒட்டி, கலங்களை ஒவ்வொன்றாக வரிசையில் லேசர் ஒளிக்கு முன்னால் ஓடவிடுவார்கள். எந்தக் கலம் எந்த நிறங்களில் மின்னுகிறது என்று இயந்திரம் பதிந்துகொண்டே போகும். நல்ல கலத்தில் சேர்ந்து வராத நிறங்கள் ஒன்றில் சேர்ந்து மின்னினால் அது மிச்சம். இப்படி 10,000 கலங்களில் 1 இருந்தாலும் பிடித்துவிடலாம். அந்தத் தாய்க்கு நான் சுளகையும் அரிசியையும் காட்டித்தான் சொன்னேன். ஒரு சுண்டு அரிசியில் ஏறக்குறைய 10,000 மணி இருக்கும். அதில் ஒரே ஒரு கல். நுணுக்குக்காட்டிக்கு 20 மணிக்கு ஒரு கல் கிடந்தால்தான் கண்ணில் நிச்சயமாகப் படும், எம்.ஆர்.டி. சுண்டு முழுக்கப் புடைத்து அந்த ஒன்றைத் தேடுகிறது.

முதல் மாத முடிவில் இந்த மிச்சம் 0.01 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நிறைய நம்பிக்கை. மேலே இருந்தால் சிகிச்சையைக் கூட்டுவார்கள், மூன்று மாதம் அளவில் மறுபடி பார்ப்பார்கள், அப்போதும் போகாவிட்டால் வேறு வழிகளை யோசிப்பார்கள். வயது, எண்ணிக்கை, நிறமூர்த்தம் எல்லாம் ‘இந்த மாதிரிப் பிள்ளைகள் பொதுவாக இப்படி’ என்று சொல்பவை. எம்.ஆர்.டி. மட்டும்தான் ‘இந்தப் பிள்ளை, இந்த மருந்துக்கு, இப்படி’ என்று சொல்கிறது. ஆகவே முதல் மாதம் முடியும் முன் யாராவது உறவினர் உறுதியாக ஏதாவது சொன்னால், நல்லதோ கெட்டதோ, காதில் வாங்க வேண்டாம்.

கணிப்பின் இன்னொரு பாதியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை: மருந்தைக் குறைப்பது. 1960கள், 70களில் மூளைக்கு நோய் போகாமல் தடுக்க, தப்ப வேண்டிய பிள்ளைகளுக்கெல்லாம் தலைக்குக் கதிர்வீச்சுக் கொடுத்தார்கள். பிள்ளைகள் பிழைத்தார்கள், ஆனால் பலருக்குப் படிப்பும் வளர்ச்சியும் பின்தங்கின. இன்று அநேகப் பிள்ளைகளுக்கு அது தேவையில்லை, முதுகெலும்பு வழியாகக் கொடுக்கும் மருந்தே போதும் என்று தெரியும். இதயத்தைப் பாதிக்கும் மருந்துகளையும் தேவையானவர்களுக்கே கொடுக்கலாம். யாருக்கு எது தேவையில்லை என்று தெரிந்துகொள்வதும் முன்கணிப்புத் தந்ததுதான், என் பார்வையில் அதுவே அதன் ஆகப் பெரிய கொடை, ஏனென்றால் பிழைத்த பிள்ளைக்கு இன்னும் அறுபது, எழுபது வருடம் வாழ இருக்கிறது.

இப்போது சதவீதம். “எத்தனை வீதம் ரீச்சர்?” என்று அவரும் கேட்டார், எல்லோரும் கேட்பார்கள். 90 சதவீதம் என்று ஒரு எண் சொல்லப்படும்போது அது 100 பிள்ளைகளைப் பற்றிய எண். ஒரு பிள்ளை 90 சதவீத அளவுக்குப் பிழைப்பது என்று ஒன்று இல்லை, உங்கள் பிள்ளை முழுதாகப் பிழைப்பான் அல்லது பிழைக்க மாட்டான். அவன் அந்த 90 பேரில் ஒருவனா என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. இரண்டாவது, 5 வருட முடிவு என்று சொல்ல வேண்டுமானால் 5 வருடத்துக்கு முன்பாவது சிகிச்சை தொடங்கிய பிள்ளைகளைத்தான் எண்ணியிருக்க வேண்டும், ஆகவே அந்த எண் எப்போதும் நேற்றைய மருந்தின் எண். மூன்றாவது கொஞ்சம் நுணுக்கமானது, அதனால் கற்பனை எண்களை வைத்துச் சொல்கிறேன். 100 பிள்ளைகளில் 80 பேர் நல்ல குழு, அவர்களில் 5 சதவீதம் பேருக்கு நோய் திரும்புகிறது, அது 4 பேர். 20 பேர் ஹை ரிஸ்க், அவர்களில் 20 சதவீதம் பேருக்குத் திரும்புகிறது, அதுவும் 4 பேர். பாருங்கள், நோய் திரும்பிய 8 பேரில் பாதிப்பேர் நல்ல குழுவிலிருந்துதான் வந்திருக்கிறார்கள். உண்மை உலகிலும் நோய் திரும்பும் பிள்ளைகளில் கணிசமானவர்கள் அப்படித்தான். நல்ல குழு என்றால் கவலையே இல்லை என்று கிளினிக்கைத் தவறவிடக் கூடாது, ஹை ரிஸ்க் என்றால் கையை விரிக்கவும் கூடாது. (அந்த நல்ல குழுவுக்குள்ளும் சராசரி ஆபத்தோ அதைவிடக் கூடிய ஆபத்தோ உள்ள பிள்ளைகளுக்கு பிளினாடுமோமாப் என்ற புதிய மருந்தைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2024 டிசம்பரில் வெளிவந்தது. 3 வருடம் நோயின்றி இருந்தவர்கள் 87.9 சதவீதத்திலிருந்து 96 ஆகக் கூடினார்கள். விலை மிக அதிகம், எல்லா நாட்டுக்கும் இன்னும் எட்டவில்லை.)

கோப்பில் எழுதாத ஒரு முன்கணிப்பும் இருக்கிறது, அது பிள்ளை வாழும் இடம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது: வசதியான நாடுகளில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள், வறிய நாடுகள் பலவற்றில் 30 சதவீதத்துக்கும் குறைவு. 2030க்குள் எல்லா இடத்திலும் குறைந்தது 60 சதவீதம் என்று 2018இல் இலக்கு வைத்தார்கள். புற்றுநோய்க் கலம் எந்த நாட்டுக் கடவுச்சீட்டும் பார்ப்பதில்லை. வித்தியாசம் வருவது பிந்திக் கண்டுபிடிப்பதில், கிருமித் தொற்றில், ஊட்டக் குறைவில், பாதியில் சிகிச்சையை விட்டுவிடுவதில். எங்கள் நாட்டில் அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசு கட்ட வேண்டியதில்லை, அது பெரிய ஆறுதல். ஆனால் இங்கிருந்து கொழும்பு 250 கிலோமீற்றருக்கு மேல். இரவு பஸ், கோட்டையில் இறங்கி 138ஆம் இலக்க பஸ், திரும்பி வர இன்னொரு இரவு, வேலைக்குப் போகாத நாட்கள், வீட்டில் மற்றப் பிள்ளை. 2 முதல் 3 வருடம் இப்படி. ஒரு குடும்பம் பாதியில் சோர்ந்துபோனால் அதைக் குடும்பத்தின் அலட்சியம் என்று யாரும் சொல்லாதீர்கள். பஸ் காசுக்கு உதவும் ஒரு அயல் வீடும் அந்தப் பிள்ளையின் கணிப்பை மாற்றுகிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அப்புறம் வீட்டிலேயே நடக்கும் கடைசிப் பகுதி. முதல் எட்டு, ஒன்பது மாதக் கடும் சிகிச்சை முடிந்ததும் மாத்திரைக் காலம் வரும். தினமும் இரவில் மெர்கப்டோபியூரின், கிழமைக்கு ஒரு நாள் மெதோட்ரெக்சேட். பிள்ளை பள்ளிக்குப் போகிறது, முடி முளைத்துவிட்டது, பார்த்தால் நோயாளி மாதிரியே இல்லை. இந்தக் கட்டத்தில்தான் மாத்திரை மறந்துபோகிறது. அமெரிக்காவில் மாத்திரைப் போத்தலின் மூடியில் மின்னணுச் சில்லு (சிப்) பொருத்தி எத்தனை தரம் திறக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார்கள். 95 சதவீதத்துக்குக் குறைவாக எடுத்த பிள்ளைகளுக்கு நோய் திரும்பும் ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல். 95 சதவீதம் என்றால் நிறைய இடம் இருக்கிறது போலத் தோன்றும். 30 நாளில் 2 நாள் விட்டாலே 93 ஆகிவிடும். அந்தத் தாய்க்கு இந்த ஒரு கணக்கைச் சொன்னதோடு அவர் என் மேசையில் கிடந்த கலண்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

மாத்திரையின் அளவை வைத்தியர் கூட்டிக் குறைக்கும்போதும் பயப்பட வேண்டாம். சில பிள்ளைகளின் உடம்பு இந்த மருந்தை மெதுவாக உடைக்கும், எங்களைப் போன்ற ஆசிய நாட்டுப் பிள்ளைகளில் நுட்15 என்ற மரபணுவில் உள்ள மாற்றமும் இதற்கு ஒரு காரணம். அவர்களுக்குக் குறைந்த அளவே போதும், அளவு குறைந்ததால் நோய் வெல்கிறது என்று பொருள் இல்லை. ஆனால் அந்த முடிவைக் குருதி எண்ணிக்கையைப் பார்த்து வைத்தியர் எடுக்க வேண்டும், நாங்கள் எடுக்கக் கூடாது.

பையனின் எம்.ஆர்.டி. முடிவு வந்த அன்று அவர் வார்டிலிருந்தே கைபேசியில் கூப்பிட்டார். 0.01க்குக் கீழே. கொஞ்ச நேரம் இரண்டு பேருமே பேசவில்லை. பிறகு கேட்டார், “அப்ப ஏன் ரீச்சர் கோப்பில இன்னும் ஹை ரிஸ்க் எண்டே கிடக்கு?” நல்ல கேள்வி. எந்தத் திட்டத்தின்படி மருந்து தொடங்கினார்களோ அதன் பெயர் அது, அந்தத் திட்டத்தை முழுதாக முடித்தால்தான் இந்த நல்ல முடிவு நிலைக்கும், கயிறு தாங்குகிறது என்று புயல் ஓயுமுன் யாரும் அவிழ்க்க மாட்டார்கள் என்றேன்.

இப்போது அவன் மாத்திரைக் காலத்தில், ஊரிலேயே இருக்கிறான். என் கலண்டர் அவர்கள் சமையலறைச் சுவரில் தொங்குகிறது, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சிவப்புப் புள்ளி, மெதோட்ரெக்சேட் நாளுக்கு இரண்டு. கதவுக்குப் பின்னால் ஒரு பையும் தொங்குகிறது: கோப்பின் பிரதி, கடைசிக் குருதி முடிவு, வார்டின் தொலைபேசி இலக்கம், வெப்பமானி, ஒரு சாரம், ஒரு துவாய். காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால் பனடோல் கொடுத்துப் பார்ப்போம் என்று விடியும்வரை காத்திருக்காமல், எந்த நேரமானாலும் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு இங்குள்ள பெரியாஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், புற்றுநோய் மருந்து எடுக்கும் பிள்ளை என்று வாசலிலேயே சொல்ல வேண்டும். இரண்டு தரம் ஓடியிருக்கிறார்கள். ஒரு தரம் இரவு ஒன்றரை மணிக்கு, பக்கத்து வீட்டுக்காரரின் ஆட்டோவில்.